18 யூனிட்டா, 22 யூனிட்டா: செட்டிநாட்டுக் கட்டட வேலைக்கு ஒரு பாட்காஸ்ட்

காரைக்குடிப் பக்கம் ஒரு மனையில் 12 தூண்களுக்குக் குழி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழியும் 5 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம். குழிக்கு 150 கன அடி என்றால் 12 குழிக்கு 1,800 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் இன்ஜினியர் தாளில் 18 யூனிட் என்று இருக்கும். அந்த மண்ணை ஏற்றிப்போகும் டிப்பர்காரர் இருபத்திரண்டரை யூனிட் கணக்குச் சொல்வார். தரையில் கெட்டியாகக் கிடந்த மண்ணைத் தோண்டி எடுத்ததும் பொலபொலத்து ஏறத்தாழ கால் பங்கு ஊதிவிடும். 18 யூனிட் குழி, வண்டியில் 22.5 யூனிட் ஆகும். 3 யூனிட் வண்டிக்கு ஏழரை நடை, நடைமுறையில் 8 நடை. இருவர் சொல்வதும் சரி. வீட்டுக்காரருக்கு மட்டும் இதில் யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும்.

கட்டட வேலையையும் மண் வேலையையும் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துவதில் உள்ள தேவையும் ஆபத்தும் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கின்றன. தேவை என்னவென்றால், இந்த வேறுபாட்டை ஓட்டுநரும் மேஸ்திரியும் வாயால் சொன்னால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். எந்தப் பாடநூலிலும் இத்தனை எளிதாக விளங்காது. ஆபத்து என்னவென்றால், காதால் கேட்கும் எண் ஒரே தடவைதான் கடந்துபோகும். தாளில் என்றால் திரும்பிப் பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர் "18 யூனிட்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "தோண்டுவதற்கு முன்பு" என்ற பாதியை விட்டுவிடுவார். மறுநாள் அந்த அரை எண்ணை வைத்து விலை பேசுவார். ஆகவே இந்தத் துறைப் பாட்காஸ்டில் மைக், எடிட்டிங், தலைப்பு, வெளியீடு என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்விதான்: சொன்ன அளவு, சொன்ன நிபந்தனையோடு, கேட்பவர் காதில் முழுசாக இறங்கியதா?

பேச்சு வழியாகத் தொழில் நுணுக்கம் பரவும் என்பதற்கு தஞ்சாவூர் மாவட்டமே சாட்சி. 1960-களில் அங்கிருந்த விவசாயிகளிடம் ஏடிடி 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலி கொண்டுசேர்த்த விதத்தால், அந்த நெல்லுக்கே மக்கள் 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். விதை அளவு, உரத்தின் அளவு, நாள் கணக்கு எல்லாம் காது வழியாகத்தான் போயின. கட்டடத் தொழிலுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. இத்தனைக்கும் இந்தத் தொழிலின் அறிவில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. கொத்தனார், சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுபவர், செயின் வண்டி (டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டையில் நகரும் தோண்டும் வண்டி) ஓட்டுநர் ஆகியோரின் வாயில்தான் இருக்கிறது.

யாருக்கு, எதைப் பற்றி

வீடு கட்டுபவர், மேஸ்திரி, சிறு காண்ட்ராக்டர், வண்டி வைத்திருப்பவர், சிவில் படிக்கும் மாணவர் என எல்லோருக்கும் சேர்த்து ஒரு நிகழ்ச்சி நடத்தினால் ஒருவருக்கும் உதவாது. சிறு காண்ட்ராக்டரையும் மேஸ்திரியையும் முன்னால் உட்காரவைத்துப் பேசுவதே சரி. வீடு கட்டுபவர் தானாகவே பக்கத்தில் வந்து காது கொடுப்பார். வீட்டுக்காரரை மனத்தில் வைத்துப் பேசினால் ஒவ்வொரு சொல்லையும் விளக்க வேண்டிவரும். மேஸ்திரி மூன்றாம் நிமிடத்தில் நிறுத்திவிடுவார்.

பாட்காஸ்டின் ஒரு பகுதிக்கு, அதாவது ஒரு எபிசோடுக்கு, ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வி வேலைத்தளத்தில் எடுக்க வேண்டிய ஒரு முடிவில் போய் முட்ட வேண்டும். 'அஸ்திவாரம் பற்றி' என்பது தலைப்பே அல்ல. 'வானம் தோண்டும்போது செம்புறாங்கல் தட்டினால் அதோடு நிறுத்தலாமா?' என்பது தலைப்பு. வானம் என்றால் அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளம். செட்டிநாட்டில் இது தினமும் எழும் கேள்வி. மேலே கெட்டியான செம்புறாங்கல் தட்டு இருக்கும்; அதன் அடியில் சில இடங்களில் மிருதுவான களி இருக்கும். தட்டு எத்தனை அடி கனம், அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் "பாறை வந்துருச்சு, போதும்" என்று நிறுத்தினால் பிறகு சுவர் ஒருபக்கம் இறங்கும். ஒரு மூலையில் மட்டும் இன்னும் சில அடி துளை போட்டுப் பார்ப்பது சின்னச் செலவு. யாரைக் கேட்டாலும் முதலில் "நிறுத்தலாம்" என்றுதான் சொல்வார்கள். "எப்போ நிறுத்தக் கூடாது?" என்ற அடுத்த கேள்வியில்தான் பகுதியே தொடங்குகிறது.

இப்படி எடுத்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஊருணி தூர் வாரும்போது எவ்வளவு ஆழம் போகலாம்? அடியில் இருக்கும் களி அடுக்கையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டால் ஊருணி அழகாக ஆழமாகும், தண்ணீர் மட்டும் நிற்காது. ஓட்டுநருக்கு நிறமும் பக்கெட் பல்லில் ஒட்டும் விதமும் பார்த்து அது தெரியும். அவரைத்தான் பேசவைக்க வேண்டும். பழைய செட்டிநாட்டு வீட்டை ஒட்டிப் புது வீட்டுக்கு வானம் எடுப்பது இன்னொன்று. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் அஸ்திவாரம் மேலோட்டமாக இருந்தால், அதன் ஓரமாக முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டக் கூடாது. ஒன்று, ஒன்றரை மீட்டர் துண்டாக, ஒன்று விட்டு ஒன்று எடுத்து, கட்டி முடித்து, பிறகு நடுவில் விட்டதை எடுக்க வேண்டும். சுவர் அடியிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, நம் குழி அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. காரைக்குடியிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அரிமானம் அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று பேசுவதற்கு ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அழகப்பர் பெயரிலான அரசு பொறியியல் கல்லூரியும் 1952-லிருந்து ஊரிலேயே இருக்கிறது. ஒரு பகுதியில் ஓட்டுநரையும் மண் பரிசோதனை தெரிந்த ஆசிரியரையும் எதிரெதிரே உட்காரவைத்தால் ஒருவர் சொல்லும் எண்ணை மற்றவர் சரிபார்ப்பார்.

ஒலியில் சரியாக வராத விஷயங்களும் உண்டு. ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பேச்சில் சொல்ல முடியும்: கண்ணாடித் தட்டு, அதன்மேல் சட்டம், வடிவ அச்சு, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பு, அதன்மேல் உலர் கலவை, பிறகு சாந்து, தண்ணீர்த் தொட்டி, வெயில். கை செல்லும் வரிசையிலேயே போனால் கேட்பவர் மனத்தில் படம் விழும். ஆனால் பூ வேலைப்பாட்டின் நிற வேறுபாட்டைப் பேச்சில் காட்ட முயல்வது வீண். அதற்குப் படம் போட்டுவிடலாம். கம்பி வளைக்கும் அட்டவணையும் அப்படித்தான். விட்டுவிடுவதே மேல்.

கேள்வியில்தான் எண் முழுமையாகிறது

தொழில்காரர் எண்ணைச் சுருக்கித்தான் சொல்வார். கூட இருப்பவருக்கு மீதி தெரியும் என்பது அவர் எண்ணம். அந்த மீதியைக் கேட்டு வாங்குவதே நடத்துபவரின் முதன்மையான வேலை. மண் அளவு என்றால் தரையில் கிடக்கும்போதா, வண்டியிலா, கொட்டிக் கெட்டித்த பிறகா என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. ஆழம் என்றால் எங்கிருந்து? "அண்ணே, அஞ்சடின்னா இப்ப இருக்கிற தரையிலேர்ந்தா, ரோட்டு மட்டத்திலேர்ந்தா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காததால் தளத்தில் இரண்டடி வித்தியாசம் வந்துவிடும். ரோடு உயர்ந்துகொண்டே போகும் ஊர்களில் இது சாதாரணமாக நடப்பது.

வண்டியின் பெயரில் ஒரு சிக்கல். நம் பக்கம் ஜேசிபி, ஹிட்டாச்சி, பொக்லைன் எல்லாம் கம்பெனிப் பெயராக இல்லாமல் வண்டியின் பெயராகவே ஆகிவிட்டன. எந்தக் கம்பெனித் தயாரிப்பாக இருந்தாலும் செயின் வண்டி என்றால் ஹிட்டாச்சி. விருந்தினர் "ஜேசிபில எடுத்தோம்" என்றால் "டயர் வண்டியா, செயின் வண்டியா?" என்று உடனே கேட்டுவிட வேண்டும். அவரைத் திருத்துவதற்காக அல்ல. இரண்டின் வேகமும் வாடகையும் வேறு என்பதற்காக.

வேலை வேகம் பற்றிய எண்ணைப் பேட்டிக்கு முன்பே கையில் ஒரு கணக்கோடு போய்ச் சரிபார்க்கலாம். டயர் வண்டியின் பின் பக்கெட் ஏறத்தாழ கால் கன மீட்டர். முழுசாக நிரம்பாது, 85 சதவீதம் என்று கொண்டால் ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவை அள்ளுவதற்கு, 0.21 கன மீட்டர். தோண்டி, திரும்பி, கொட்டி, மறுபடி வர 30 நொடி. மணிக்கு 50 நிமிடம் உண்மையாக வேலை நடந்தால் 100 கை. ஆக 21 கன மீட்டர். ஒரு யூனிட் 2.83 கன மீட்டர் என்பதால் கிட்டத்தட்ட ஏழரை யூனிட், அதுவும் பொலபொலத்த கணக்கில். செம்புறாங்கல்லில் இது பாதிக்கும் கீழே போகும். இப்போது ஒருவர் "மணிக்குப் பதினஞ்சு இருபது யூனிட் எடுப்பேன்" என்கிறார். அவர் கதை அளக்கிறார் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடக் கூடாது. "பின் பக்கெட்டாலயா, முன் பக்கெட்டாலயா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். குவித்துக் கிடக்கும் கிராவலை முன் பக்கெட்டால் டிப்பரில் அள்ளிப் போடுவதைச் சொல்கிறார். முன் பக்கெட் 1 கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். எண் உண்மைதான், வேலைதான் வேறு.

வாடகை பற்றிப் பேசினால் மாதமும் வருடமும் சொல்லியாக வேண்டும். டீசல் யாருடையது, ஓட்டுநர் பேட்டா சேர்ந்ததா, குறைந்தது எத்தனை மணி நேரம், செயின் வண்டியை லோபெட்டில் (தாழ்வான தளமுள்ள லாரியில்) கொண்டுவரும் செலவு தனியா, மணி என்பது இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் மணியா கைக்கடிகார மணியா என்பது வரை கேட்காவிட்டால் அந்த எண்ணைச் சொல்லாமலே விடலாம். பாட்காஸ்ட் இரண்டு வருடம் கழித்தும் யாரோ ஒருவர் காதில் ஓடிக்கொண்டிருக்கும். வருடம் சொல்லாத விலை அன்றைக்கு ஒரு சண்டைக்குக் காரணமாகும்.

கலவைக் கணக்குக்குச் சித்தாளைத்தான் கேட்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பதை "ஒண்ணுக்கு ஆறு" என்று மேஸ்திரி சொல்வார். எத்தனை பாண்டு (சுமக்கும் சட்டி) மணல் உண்மையில் விழுந்தது என்பது அதைத் தலையில் சுமந்த அக்காவுக்குத்தான் தெரியும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளும். ஆகவே 35 லிட்டர் பெட்டியில் 6 பெட்டி மணல் போட்டால்தான் கணக்கு சரி. பாண்டுக்குப் பாண்டு அளவு வேறு, கோபுரமாக அள்ளுவதும் மட்டமாக அள்ளுவதும் வேறு. ஈர மணல் கால் பங்குக்கு மேலும் ஊதும் என்பதால் மழைக்கு மறுநாள் அதே ஆறு பாண்டு ஆறு ஆகாது. இதைச் சித்தாள் வாயால் கேட்டால் ஒரு பகுதி முழுக்கப் பேசலாம். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் சித்தாள் பேச மாட்டார். "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று தனியாக, தனி மைக்கில் கேட்க வேண்டும். முட்டை வெள்ளையும் கடுக்காய் ஊறலும் சேர்க்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சு பற்றிய பேட்டியில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. படியா, சட்டியா, எடையா; எத்தனை நாள் ஊறல்; எந்தப் பூச்சில், எத்தனையாவது கை? ஒரு குடும்பம் சொல்வதும் மற்றொன்று சொல்வதும் ஒத்துப்போகாது. இரண்டையும் அப்படியே சொல்லி, யார் எந்தச் சுவரில் செய்தது என்று சேர்ப்பதே நேர்மை. சராசரி எடுத்துச் சொன்னால் அது யாரும் பூசாத பூச்சாகிவிடும்.

எங்கே பதிவு செய்வது

செட்டிநாட்டில் இருப்பவருக்கு முதலில் தோன்றும் இடம் பெரிய வீட்டின் பட்டாலைதான், அதாவது பெரிய கூடம். பார்க்க அதைவிட அழகான இடம் இல்லை. பதிவுக்கு அதைவிட மோசமான இடமும் இல்லை. தளம் கல், சுவர் பளிங்குபோல் தேய்த்த பூச்சு, உயரமான கூரை. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரமுள்ள ஒரு பட்டாலையை எடுத்துக்கொண்டால் கொள்ளளவு 324 கன மீட்டர், பரப்பு 306 சதுர மீட்டர். இப்படிப்பட்ட கெட்டிப் பரப்புகள் விழும் ஒலியில் 3 சதவீதம் அளவே விழுங்கும் என்று கொண்டு, எதிரொலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரத்தில் போட்டால் எதிரொலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆகும். "பதினெட்டு" என்ற சொல்லின் வால் "இருபத்திரண்டு" மேல் போய் விழும். எண்கள் குழம்புவதற்கு இது ஒன்றே போதும். அதே வீட்டில் மூட்டையும் மெத்தையும் அடுக்கிய சின்ன அறை ஒன்று இருக்கும். 3 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் அறையில் பஞ்சு மெத்தையும் ஜமுக்காளமும் சுவரை மறைத்தால் எதிரொலி கால் நொடிக்குள் அடங்கும். அங்கே உட்காருங்கள். பட்டாலையில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

வேலைத்தளத்தில் பேசினால்தான் உயிர் இருக்கும் என்பதும் உண்மை. அதற்குத் தூரம்தான் மருந்து. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 1 அடியில் இருக்கும் மைக்கை 3 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். 15 மீட்டரில் ஓடும் வண்டியிலிருந்து 60 மீட்டருக்குத் தள்ளிப்போனாலும் அதே 12 டெசிபல். இரண்டையும் செய்தால் 24. இதைப் பிறகு எந்த மென்பொருளாலும் வாங்க முடியாது. ஆகவே மேசைமேல் வைக்கும் கண்டன்சர் மைக் வேண்டாம். கையில் பிடித்து வாய்க்கு நான்கு விரல் தள்ளி வைக்கும் டைனமிக் மைக் வேண்டும். பேசுபவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி டிராக்கில். காற்றுக்கு நுரை உறை போதாது. ரோம உறை போட வேண்டும். பனைமரப் பொட்டலில் மாலைக் காற்று அடிக்கும்போது உறையில்லாத மைக் வெறும் இரைச்சலைத்தான் பதியும்.

டீசல் இன்ஜின் சத்தத்தில் ஒரு பகுதியை வடிகட்ட முடியும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றில் சும்மா ஓடும்போது அதன் அடிப்படை அதிர்வு 30 ஹெர்ட்ஸ். 2,200 சுற்றில் 73 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் இதற்கு மேலே இருப்பதால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டால் அடிவயிற்று உறுமல் போய்விடும். பாறை உடைக்கும் பிரேக்கர் அப்படியல்ல. ஒவ்வொரு அடியும் எல்லா அலைவரிசையிலும் தெறிக்கும். பிரேக்கர் ஓடும்போது பேட்டி எடுக்கவே கூடாது. அது நிற்கும் தேநீர் நேரத்தில் எடுக்க வேண்டும். வண்டிச் சத்தம் வேண்டுமென்றால் பேச்சில்லாமல் தனியாக 2 நிமிடம் பதிந்துகொண்டு பிறகு அடியில் மெதுவாகச் சேர்க்கலாம். பேசிய இடத்தின் வெறும் அமைதியை 30 நொடி பதிந்துகொள்வதும் வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்குக்கு ஒரு மணி நேரம் ஏறத்தாழ 518 மெகாபைட் பிடிக்கும்; இரண்டு மைக் என்றால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வைத்தால் திடீரென்று சிரித்தாலும் ஒலி உடையாது. ரெக்கார்டரை எப்போதும் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். கரண்ட் போனாலும் பதிவு நிற்காது, மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் வராது.

பதிவுக்குப் போகிறவரின் உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 டன் செயின் வண்டியின் கை ஏறத்தாழ 10 மீட்டர் வரை நீளும்; வால் பின்னால் சுழலும். காதில் ஹெட்போன் மாட்டியவருக்குப் பின்னால் வரும் டிப்பரின் சத்தம் கேட்காது. ஹெல்மெட், பூட்ஸ், பளிச்சென்ற ஜாக்கெட் போட்டு, 15 மீட்டருக்கு வெளியே நின்று, நடக்கும்போது ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கச் சுவருக்கு முட்டு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பேட்டியாக இருந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. தோண்டிய மண் பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இல்லையென்றால் அந்தப் பள்ளம் இன்னும் மோசம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். இடுப்பு வரை மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. இதே காரணத்துக்காக, வண்டி ஓட்டும்போது ஹெட்போனில் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டாம் என்று ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் சொல்லிவிடுவது நல்லது. கேட்பவர் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, சனிக்கிழமை மாலை சம்பளம் போடும் நேரத்தில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். ஞாயிறு காலை நல்ல நேரம். ஆடியில் புது வேலை தொடங்குவது குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மழையால் மண் வேலை படுத்துவிடும். அந்த மாதங்களில் எட்டு, பத்து பகுதிகளைப் பதிந்து வைத்துக்கொண்டால் தை பிறந்து எல்லோரும் ஓடத் தொடங்கும்போது நிகழ்ச்சி நிற்காது. வேலை நாளில் ஒருவரை உட்காரவைத்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பேசுவதும் வேலைதான்.

வெட்டும்போது

எடிட்டிங்கில் நடக்கும் பெரிய தவறு, தயக்கத்தை வெட்டுவதாக நினைத்து நிபந்தனையை வெட்டிவிடுவது. "ரெண்டடி போதும்... அது, கீழ களி இல்லாம இருந்தா" என்று விருந்தினர் இழுத்துச் சொல்வார். இரண்டாம் பாதி தொய்வாகத் தெரியும். கை தானாக அங்கே போகும். வெட்டினால் மிஞ்சுவது ஆளைக் கொல்லக்கூடிய வாக்கியம். எண் வரும் இடத்துக்கு முன்னும் பின்னும் 15 நொடியைத் திரும்பக் கேட்காமல் கத்தரி வைக்கக் கூடாது. முக்கியமான அளவு ஒவ்வொன்றையும் நடத்துபவர் உடனே தன் வாயால் முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "ஆக, தரையில இருக்கும்போது 18 யூனிட், வண்டியில இருபத்திரண்டரை." கேட்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு அது. விருந்தினருக்கும் "இல்ல தம்பி" என்று மறுக்க இடம் கிடைக்கும்.

சத்த அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று வைத்தால் பெரும்பாலான செயலிகளில் மற்ற நிகழ்ச்சிகளோடு ஒத்துப்போகும். பேச்சுக்கு மோனோ போதும். 64 கிலோபிட் மோனோ எம்பி3 என்றால் 30 நிமிடம் 14.4 மெகாபைட்தான்; சிக்னல் மெலிந்த ஊரிலும் இறங்கிவிடும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் நேரம், அரை மணி, ஒரு பகுதிக்குச் சரியான அளவு.

வெளியிடும் முறை எளிது. நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஹோஸ்டிங் சேவையில் கோப்பை ஏற்றினால் அது தரும் ஃபீட் முகவரியை (புதுப் பகுதிகளைச் செயலிகளுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் இணைப்பை) ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், யூடியூப் மூன்றுக்கும் ஒருமுறை கொடுத்தால் போதும். கூகுளின் தனிப் பாட்காஸ்ட் செயலி 2024-இல் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பி அதைத் தேட வேண்டாம். மொழியைத் தமிழ் என்று குறிக்க வேண்டும். அட்டைப் படம் சதுரமாக, 1,400 முதல் 3,000 பிக்சலுக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் அது கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரியும் என்பதால் நான்கு சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். குறிப்புப் பகுதியில், பேச்சில் வந்த எல்லா அளவுகளையும் நிபந்தனையோடு எழுத்தில் போட்டு, எத்தனையாவது நிமிடம் என்றும் குறியுங்கள். மேஸ்திரிகளிடம் இது பெரும்பாலும் வாட்ஸ்ஆப் வழியாகத்தான் போய்ச் சேரும். 3 நிமிடத் துண்டு அனுப்பும்போதும் எண்ணும் நிபந்தனையும் ஒரே துண்டுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பலர் அந்தத் துண்டை மட்டும்தான் கேட்பார்கள்.

பணமும் பேரும்

இந்த வட்டாரத்தில் விளம்பரம் தரக்கூடியவர்கள் சிமெண்ட் டீலர், கம்பிக் கடை, கல்லை உடைத்து எம்-சாண்ட் என்ற செயற்கை மணல் எடுக்கும் கிரஷர், வண்டி உதிரிபாகக் கடை ஆகியோர்தான். கிரஷர்காரர் பணம் கொடுத்த பகுதியில் எம்-சாண்ட் தரம் பற்றிப் பேசக் கூடாது. பேசித்தான் ஆக வேண்டுமென்றால் யார் பணம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். விளம்பரதாரரிடம் எண்ணிக்கை சொல்லும்போதும் கவனம் தேவை. தொழில்முறை அளவீட்டில், குறைந்தது ஒரு நிமிட ஒலி இறங்கினால்தான் ஒரு டவுன்லோட். ஒரே கருவி 24 மணி நேரத்தில் பலமுறை எடுத்தாலும் ஒன்றுதான். மண் அளவில் கறாராக இருந்துவிட்டு இந்த அளவில் ஊதிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பேட்டி தொடங்கும் முன் பெயர் போடலாமா, ஊர் போடலாமா, குரல் போதுமா என்று கேட்டு, சம்மதத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் சொல்லும் ஒரு தவறு அவர் முதலாளியின் தளத்தில் நடந்ததாக இருக்கும். ஊரும் மாதமும் சொன்னாலே யார் என்று தெரிந்துவிடும், அவர் வேலை போய்விடும். கிராவலோ சவுடோ எடுத்துப்போவது பற்றிப் பேசும்போது, கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இல்லாமல் ஓட்டியதை ஒருவர் பெருமையாகச் சொல்லிவிடுவதும் உண்டு. அதை வெளியிட்டால் அவருக்கு வழக்கு, நிகழ்ச்சிக்கு இனி யாரும் வர மாட்டார்கள். அந்த இடத்தை எடுத்துவிட்டு, எடுத்ததை அவரிடமும் சொல்லிவிட வேண்டும். பழைய வீடுகளை இடித்துத் தேக்குத் தூணும் கதவும் விற்பது பற்றிய பகுதியில் வீட்டின் விலாசம் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடாக இருக்கும்; ஒருவர் பேசியது மற்றவர்களுக்கிடையே வழக்காகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் எண் தவறாகப் போகும். அப்போது கோப்பைத் திருத்தி, ஃபீடில் அந்தப் பகுதியின் அடையாள எண்ணை மாற்றாமல், புதிய கோப்பை ஏற்றலாம். இனிமேல் எடுப்பவர்களுக்குச் சரியானது போகும். ஏற்கெனவே கைபேசியில் இறக்கி வைத்தவர்களுக்குப் பழையதுதான் இருக்கும்; செயலி அதைத் தானாக மாற்றாது. வாட்ஸ்ஆப்பில் போன துண்டையோ யாராலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே அடுத்த பகுதியின் முதல் நிமிடத்திலேயே, எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம், சொன்ன எண் என்ன, சரியான எண் என்ன, எந்த நிலை மண்ணுக்கு என்று சொல்லி, அந்த ஒரு நிமிடத்தைத் தனித் துண்டாக வெட்டி, பழைய துண்டு போன எல்லாக் குழுக்களுக்கும் அன்றே அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை வானம் தோண்ட ஆரம்பிப்பதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.